பத்து மணிக்கு ஒரு நொடி முன்னால்

மேனேஜர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். சிட்டுக்குக் கையெழுத்து விழ இன்னும் அரை நிமிஷம்கூட ஆகாது.

மேசைமேல் ஒட்டி மூடிய கவர்கள் இரண்டு. ஒன்றின்மேல் 'சிட்டு', இன்னொன்றின்மேல் 'யானை'. எழுதியவர் பெயர் உள்ளே. முடிவாகும்வரை எது யாருடையது என்று மூச்சு விடக் கூடாது, அது எங்கள் அலுவலகச் சட்டம். முகதாட்சண்யம் பார்த்து எதுவும் நடந்துவிடக் கூடாதாம்.

போட்டியில் இரண்டே பேர். நானும் என் மச்சானும். ஆமாம், என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பிதான். ஜெயிப்பவன் புது அணிக்குத் தலைவன். அந்த நாற்காலிமேல் எனக்கு ஐந்து வருஷமாகக் கண்.

"யார் தோத்தாலும் வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றுதான் அவள் காலையில் அனுப்பி வைத்தாள்.

விஷயம் இதுதான். எந்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு என்ன மருந்து என்று சொல்லும் பழைய மென்பொருள் ஒன்று ஒரு மருத்துவமனையில் இருக்கிறது. அது ஓடிய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. அதனால் புதுக் கம்ப்யூட்டருக்குள் அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் ஒன்றைச் செய்து தருகிறோம். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கண்விழித்து மற்ற எல்லாவற்றையும் எழுப்பும் சின்ன நிரல் ஒன்று வேண்டும். போட்டி அதற்குத்தான்.

நிஜ இயந்திரத்தில் ஒவ்வொரு பாகமும் சோம்பல் முறித்து எழும்வரை காத்திருக்க வேண்டும். யானை அப்படியே காத்திருந்தது. ஐந்து நொடி.

சிட்டு, இல்லாத பாகத்துக்கு எதற்கு மரியாதை என்று எல்லாவற்றையும் தாண்டிப் பறந்தது. அரை நொடி!

அடேயப்பா, என்ன கைதட்டல். நானும் தட்டினேன். மச்சான் என்னைவிடச் சத்தமாகத் தட்டினான்.

அப்புறம்தான் நான் கையைத் தூக்கினேன். சிட்டை இன்னும் இரண்டு மூன்று தடவை ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன்.

மேனேஜர் சிரித்தார். தோற்கப்போகிறவன் நொட்டை சொல்கிறான் என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. மச்சான் மேசைக்கடியில் என் காலை மிதித்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

கடிகாரத்தை ஒன்பது ஐம்பத்தொன்பதில், கடைசி நொடியில் வைத்தேன். சரியாகப் பத்து ஆகும் சமயத்தில் சிட்டு கண்விழிக்க வேண்டும்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவையும் ஒழுங்காகத்தான் வந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

மூன்றாவது தடவை மாட்டியது.

மணி மாறிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் படிக்கக் கூடாது. மாறி முடியட்டும் என்று பொறுக்க வேண்டும். சிட்டுக்கு ஏது பொறுமை? பழைய மணியையும் புது நிமிஷத்தையும் சேர்த்துப் படித்துவிட்டது. திரையில் மணி பத்து இல்லை, ஒன்பது. கீழே, ஏற்கெனவே கொடுத்து முடித்த ஒன்பது மணி மருந்தெல்லாம் மறுபடி வரிசையில் வந்து நின்றது.

மருத்துவமனையிலிருந்து வந்திருந்த தலைமை நர்ஸ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஐயோ, ஒன்பது மணிக்கு இன்சுலினுங்க. ரெண்டாவது தடவை போட்டா ஆளே போயிடுவாங்க."



மேனேஜர் சிட்டின் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு யானைக்குக் கையெழுத்துப் போட்டார். "பலே ஆளய்யா நீ" என்பதுபோல என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே யானைக் கவரைப் பிரித்தார். படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

உள்ளே இருந்தது மச்சான் பெயர்.

அந்த ஒரு நொடிக் கோளாறு எனக்கு உறைத்ததே இன்று காலை பல் தேய்க்கும்போதுதான். கவரை நேற்றே ஒட்டிக் கொடுத்தாயிற்று. வயிறு எரிகிறது, பொய் சொல்வானேன்.

ஆனாலும், என் சிட்டில் எங்கே ஓட்டை என்று என்னைவிட நன்றாக வேறு எவன் கண்டுபிடித்துவிடுவான்?