நாப்பத்தோராம் நம்பர் டப்பா

"மெர்சியக்கா, திருட்டு வேலை ஒண்ணு பண்ணிப்போட்டேனுங்க."

மணி ராத்திரி பதினொண்ணரை. மருந்து ஆராய்ச்சியில சேந்தப்பவே, எந்நேரமும் கூப்பிடலாம்னு நர்ஸ் மெர்சியக்கா நம்பரைக் குடுத்திருந்தாங்க. அஞ்சு மாசத்துல இன்னிக்குத்தான் கூப்பிடுறேன், அதுவும் போர்வைக்குள்ள இருந்து.

"யாரு, சூலூர் அக்ஷிதாவா? காய்ச்சலா கண்ணு?"

"இல்லீங்கக்கா. சாய் அண்ணனோட மாத்திரைய எடுத்துப்போட்டேன்."

எனக்கும் அண்ணனுக்கும் தலசீமியா. மூணு வாரத்துக்கு ஒருக்கா கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் ரத்தம் ஏத்திக்கணும். அந்த மூணு வாரத்த ஆறு வாரமாக்க முடியுமான்னு பாக்கத்தான் இந்தப் புது மாத்திரை. என்னோடது நாப்பத்தோராம் நம்பர் டப்பா, அவனோடது நாப்பத்திரெண்டு. எதுல மருந்து, எதுல வெறும் மாவுன்னு தெரியாது. பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"எதுக்கு எடுத்தே? உன்னோடது தீந்துபோச்சா?"

"தீரலீங்க. முழுங்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு வாயெல்லாம் ஒரே கசப்பு. அண்ணன் என்னடான்னா மூணு பரோட்டா தின்னுபோட்டு ஏப்பம் விடுறான். அப்ப எனக்கு வந்ததுதான நெச மருந்து?"

"அப்புறம்?"

"அவனுக்குத்தான் ரத்தம் சீக்கிரம் எறங்குதுங்க. மாடி ஏறுனா பாதியில உக்காந்துக்கறான். அதான் போன மாசம் புது டப்பா வந்தன்னிக்கே, என்னோடத அவன் டப்பாவுலயும், அவனோடத என் டப்பாவுலயும் மாத்திக் கொட்டிப்போட்டேன்."

நான் எச்சி முழுங்குனேன். வழக்கம்போல கசந்துச்சு.

"கண்ணு, எதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் பிரிச்சுக் குடுக்குது. வெறும் மாவு தின்னவங்களுக்கும் வாய் கசக்கலாம். நெச மருந்து தின்னவங்க பரோட்டாவும் திங்கலாம்."

"அய்யோ."

"இப்ப உன்ற ரத்த ரிப்போர்ட்ட எந்த மாத்திரைக்குன்னு எழுதறது? நாளைக்கு இந்த மருந்த நம்பி முழுங்கப்போற குழந்தைக எத்தன பேரு!"

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. "எங்கள வெளிய அனுப்பிருவீங்களா? அண்ணனையாச்சும் வெச்சுக்கங்கக்கா. அவன் ஒண்ணுமே பண்ணல."

"அத டாக்டர்தான் சொல்லணும். வெளிய வந்தாலும் ரத்தம் ஏத்தறது நிக்காது, பயப்படாத. காலைல ரெண்டு பேரும் டப்பாவோட வந்துருங்க. அதுவரைக்கும் ஒரு மாத்திரையும் போடக் கூடாது. அம்மாகிட்ட சொன்னியா?"

"தெரிஞ்சா ஊட்டுக்குள்ள விடாதுங்க."

"நானே பேசறேன். நீயா சொன்னதே பெருசு."

திடீர்னு போர்வை பறந்துச்சு. அண்ணன் இடுப்புல கை வெச்சு நின்னான். பக்கத்துக் கட்டில்ல கொறட்டை விட்டதெல்லாம் சும்மா போலிருக்கு.

"எலிக்குட்டி. எனக்கு மருந்து தானம் பண்றாளாம். டப்பாவ உருட்டுன சத்தத்துல பக்கத்து ஊடே முழிச்சிருக்கும்."

"அண்ணா, சத்தியமா உனக்கு நல்லதுன்னுதான்..."

"போனை இப்படிக் குடு."

பிடுங்கிக்கிட்டான். தொண்டையச் செருமிக்கிட்டு, ரொம்ப மரியாதையா ஆரம்பிச்சான்.

"அக்கா, சாய் பேசறேனுங்க. இவ தூங்குனதும், அன்னிக்கே நான் திருப்பிக் கொட்டிப்போட்டேனுங்க."