திண்டிவனத்தில் ஒரு கிலோ சர்க்கரை

"வெக்காதடி! விரலை எடு!"

அமலா கத்திக்கொண்டே ரேஷன் கடைக்குள் ஓடி வருவதற்குள் செல்வியின் ரேகை விழுந்து மெஷின் கீச்சென்று பில்லைத் துப்பிவிட்டது.

விற்பனையாளர் முருகையன் முறைத்தார். "ஒரு கிலோ சர்க்கரைக்கு இன்னாம்மா இவ்ளோ கூச்சல்?"

"இது விழுப்புரம் கார்டுங்க. இவ வீட்டுக்காரன் பேர்ல இருக்குது."

"இருக்கட்டுமே. எந்த ஊர்க் கடையிலயும் வாங்கலாம். ரேகை விழுந்தா போதும்."

"மெசேஜ் யாருக்குப் போவும்?"

"கார்டுல இருக்கற நம்பருக்கு. எந்தக் கடை, இன்னா பொருள், எல்லாம் போயிருக்கும் இந்நேரம்."

"நிறுத்த முடியாதா?"

"கவர்மென்ட் சர்வர்மா. நானு மூட்டை பிரிக்கறவன்."

அமலா செல்வியின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். செல்வியின் உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை. பதினோரு நாளைக்கு முன் ரத்தம் வழிய அமலா வீட்டுக் கதவைத் தட்டியவள். அன்றிலிருந்து அவள் புருஷன் சகாயராஜ், சொந்தக்காரர்களில் ஒருவர் விடாமல் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருந்தான். கிடைத்தால் வெட்டுவேன் என்று சொல்லியே விசாரித்தான்.

"சிம்மை உடைச்சோம். பேங்க்குப் பக்கமே போவல. எல்லாம் பண்ணிட்டு இங்க வந்து கையை வெச்சியே, அறிவு இருக்குதா உனுக்கு?"

அமலாவின் போன் அடித்தது. விழுப்புரத்தில் செல்வியின் பக்கத்து வீட்டு ஆர்த்தி.

"அக்கா, செல்விக்கா எங்க? சகாயராஜ் அண்ணன் மெசேஜைப் பாத்துட்டாரு! கத்தியை எடுத்துக்கினு பைக்ல கிளம்பிட்டாரு, திண்டிவனத்துக்கு!"

செல்வி போனைப் பிடுங்கினாள். "தனியாவா போறான்?"

"தனியாதான்க்கா. ஜல்தியா எங்கனா ஓடிப் போயிடுக்கா!"

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்கள். சென்னை பஸ் புறப்படத் தயாராக நின்றது. அமலா கையிலிருந்த இருநூறு ரூபாயை அவள் கையில் திணித்தாள்.

"ஏறு. தாம்பரத்துல என் தங்கச்சி இருக்கா, நான் போன் பண்ணிச் சொல்றேன்."

செல்வி அந்த பஸ்ஸைத் தாண்டிப் போய், நகர ஆரம்பித்திருந்த விழுப்புரம் பஸ்ஸின் படியில் தொற்றினாள்.

"அடிப்பாவி! அவன் வர்ற ரோட்டுலயே போறியேடி! சாவப் போறியா?" அமலா கூடவே ஓடினாள்.

"பைக்ல வர்றவன் பஸ்ஸுக்குள்ளயா பாக்கப் போறான்? அவன் அந்தக் கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அங்க போயி இன்னாடி பண்ணப் போற?"

"மெசேஜ் போவணும்னுதான் விரலை வெச்சேன் அமலா. எம்பொண்ணை உள்ள பூட்டிட்டு வாசல்ல உக்காந்து இருந்தவன், பதினோரு நாள்ல இன்னிக்குத்தான் எழுந்திருச்சிருக்கான்."