முதலியாரின் பெருந்தன்மை

முதல் சொந்த வீட்டுக்கு யாரிடம் கடன் வாங்குவது? ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் கன்னியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னாயா யோசனை? செட்டியாருகிட்ட வட்டி கம்மிதானே?" என்றாள் மனைவி எல்லம்மா.

"நாத்தம்னு மூக்கைப் பொத்திக்கிட்டே பேசறாரு. முதலியார் ஜாஸ்தி கேட்டாலும், பக்கத்துல உட்காரவச்சு மனுஷனா மதிக்கிறாரு."

மறுநாளே முதலியார் வீட்டில் அடமானப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தான், பத்து வருஷத்துக்கு.

உள்ளேயிருந்து முதலியாரின் மனைவி கத்திக்கொண்டே வந்தாள். "பால் தீஞ்சு வீடே நாறுது, கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே!"

"எனக்கெங்கேடி தெரியும்? விஷ ஜுரத்துல மூக்கு செத்துப்போய் ஏழு வருஷமாச்சே!"

அப்போதுதான் அவள் கன்னியப்பனைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.