விழாத குச்சி

மேசைமேல் ஒரு சின்ன வண்டி. அதன் முதுகில் நீளமான குச்சி செங்குத்தாக நின்றது. குச்சி சாய்கிற பக்கமெல்லாம் வண்டி ஓடிப்போய்த் தாங்கியது. வண்டியின் கயிறும் வயர்களும் பின்னாலிருந்த மரப்பீரோவின் கதவிடுக்கு வழியாக உள்ளே போயின.

‘திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரா, இந்தத் தேர்வாளர் போகிறவரை குச்சி விழாமல் பார்த்துக்கோ!’ என்று வேண்டினாள் சுசீலா. அதுதான் அவளுடைய கடைசி வருஷ இன்ஜினியரிங் ப்ராஜெக்ட்; விழுந்தால் இந்த வருஷம் பட்டம் கிடையாது.

“சாய்வை அளக்க எந்த சென்சார் போட்டேம்மா?” என்றார் தேர்வாளர் பக்தவத்சலம்.

“பொட்டென்ஷியோமீட்டர் சார். ரேடியோல வால்யூம் திருப்புவோமே, அந்த மாதிரி.”

“ஒளியால அளக்கிற சென்சார் போடலையா?”

“ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்லகூடக் கிடைக்கலை சார்.”

அவர் கிளம்புவதாயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திடீரென்று மின்விசிறி நின்றது. ஆவடி முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

குச்சி மட்டும் நின்றுகொண்டேயிருந்தது.

‘ஈஸ்வரா, இப்போ விழ வை!’ என்று வேண்டினாள்.

பக்தவத்சலம் குச்சியைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார்.

“காலைலதான் சென்சார் புகைஞ்சிடுச்சு சார்...” சுசீலாவுக்கு அழுகை வந்தது.

தனக்கு வைத்திருந்த மோரை அவர் நீட்டினார்.

“உள்ளே இருக்கிற சென்சாருக்குக் குடும்மா, பாவம், புழுங்கும். திங்கட்கிழமை நல்லதா ஒண்ணு மாட்டி வை. வந்து பார்த்துட்டு மார்க் போடறேன்.”

அவள் பீரோவைத் திறந்தாள்.

“இன்னா சுசீ, சாரு பூட்டாரா?” என்றபடி அண்ணன் கோவிந்தராஜ் கயிற்றை விட்டுவிட்டு மோரை வாங்கினான்.

குச்சி நிம்மதியாகச் சாய்ந்தது.