சாப்பிட்டது போக மீதி

நான்கு மணிக்கு இன்னும் ஐந்தேகால் மணி நேரம் இருந்தது.

அதற்குள் ஒரே ஒரு வரி வேண்டும் என்று புள்ளிவிவரத் துறை இயக்குநர் சொல்லியிருந்தார். மசாலாப் பொருள்களின் உணவல்லாத பயன்பாடு ஒரே வருடத்தில் 410 டன்னிலிருந்து 779 டன்னுக்கு ஏன் தாவியது? காரணத்தை எழுதி, பிரிவு அதிகாரியம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

மிளகாய் உறைக்கும் என்று எழுதுவதற்கும் ஆதாரம் கேட்கிற ஆள் அதிகாரியம்மா. இது சாதாரண வரியும் இல்லை. இதை நம்பித்தான் விவசாயத் துறை இரண்டாயிரம் குடும்பங்களுக்குக் கிராம்புக் கன்று கொடுக்கப்போகிறது. கிராம்பு பூக்கவே ஏழு வருடம் ஆகும். வரி தப்பென்றால், எட்டாவது வருடம் இரண்டாயிரம் குடும்பங்களும் அவரைத் தேடி வரும்.

இந்த அளவை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. விளைந்ததையும் கப்பலில் வந்ததையும் கூட்டு. வெளியே அனுப்பியதைக் கழி. ஜனங்கள் சாப்பிட்டதைக் கழி. அது வீட்டு சர்வேயில் கிடைக்கும்; சில நூறு வீடுகளில் கேட்டதை எல்லா வீட்டுக்குமாகப் பெருக்கிக்கொள்வார்கள். மிஞ்சியதெல்லாம் சோப்பு, பற்பசை, கொசுவர்த்தி வகையறா.

கணினிக்காரர் மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டார். கணக்கில் தப்பில்லை. ஜனங்கள் பட்டையை அரைத்துச் சுவருக்குப் பூசுகிறார்கள் போல என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ம்யூட்’ என்று பெயர். சேர்ந்து ஒன்றரை வருடம். வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் பாக்கி. காலை வணக்கத்தைக்கூட மேசையைப் பார்த்துத்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள், கம்பெனிகளுக்கெல்லாம் தானே போன் போட்டுக் கேட்பதாகச் சொன்னாள்.

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு போனை அவள் பக்கம் தள்ளினார்.

பேச வேண்டியதை முதலில் தாளில் எழுதிக்கொண்டாள், ‘வணக்கம்’ உட்பட. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனால் பிடித்த பிடியை விடவில்லை.

பற்பசைக் கம்பெனி வழக்கமான அளவுதான் கிராம்பு எண்ணெய் வாங்கியிருந்தது.

சோப்புக் கம்பெனியில் பட்டை இருந்தது உறைமேல் படமாக மட்டும். உள்ளே இருந்த வாசனை, மரத்தையே பார்த்தறியாதது.

எலி கடிக்காமலிருக்க கேபிள் உறையில் மிளகாய்ச் சாறு கலந்தவர்கள் அதை நிறுத்தியே விட்டார்கள். எலிகளுக்கு ருசி பழகிவிட்டதாம். இப்போது அந்தக் கேபிளைத்தான் தேடி வந்து கடிக்கின்றனவாம்.

வண்ணமீன் வளர்ப்பவர் ஒருவர் மட்டும் உற்சாகமாகப் பேசினார். மீனை மயக்கி அளவெடுக்க, தொட்டித் தண்ணீரில் கிராம்பு எண்ணெய் விடுகிறாராம். வருடத்துக்கு எவ்வளவு? அரை பாட்டில்.

ஒவ்வொருவரிடமும் கடைசியில், நன்றாக யோசித்துப் பாருங்கள், கொஞ்சம்கூடக் கூடவில்லையா என்று அவள் கெஞ்சினாள். பெண்ணுக்குத் தொழிலில் என்ன அக்கறை என்று அதிகாரியம்மா பூரித்துப்போனார்.

மதியம் அவள் டப்பாவை எட்டிப் பார்த்தார். வேகவைத்த உருளைக்கிழங்கும் ரொட்டியும்.

“ஒரு சிட்டிகை மிளகாவது போடக்கூடாதாம்மா? ஆஸ்பத்திரிச் சாப்பாடே தோத்துடும்.”

தனியாக இருப்பதால் சமைப்பதில்லை என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மூன்றரை மணிக்கு முப்பத்தொரு கம்பெனிகள் முடிந்தன. எங்கேயும் கூடவில்லை.

வீட்டுப் படிவங்களில் கோளாறு இருக்குமோ என்று கணினிக்காரர் இழுத்தார். அதிகாரியம்மா அவர் வாயை அடைத்தார். தொள்ளாயிரம் வீடு, ஒன்பது பேர், ஆளுக்கு நூறு. எட்டுப் பேர் நாய்க்கும் பூட்டிய கேட்டுக்கும் நடுவே இரண்டு மாதம் நாயாய் அலைந்தார்கள். பதினோரே நாளில் முடித்துக் கொடுத்தவள் இதோ எதிரிலேயே நிற்கிறாள். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. இரண்டு கிராம் மல்லி, அரை கிராம் மிளகு என்று நிறுத்து எழுதியிருந்தாள்.

அவள் தாள்களை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

இயக்குநர் இரண்டாவது முறையாகப் போன் செய்தார்.

கடைசியில் கணினிக்காரரே ஒரு வரி சொன்னார். ‘மக்கள் இயற்கைப் பொருள்களுக்கு மாறிவருவதால்.’ அழகான வரி. எவரும் மறுக்க முடியாத வரி. ஆதாரம்தான் இல்லை.

மணி மூன்று ஐம்பத்தாறு. ஊரே சொல்கிறபோது இருக்காதா என்று அதிகாரியம்மா மனதைத் தேற்றிக்கொண்டு பேனாவைத் திறந்தார். நாள் முழுக்கப் பாடுபட்டவளை அப்படியே விடவும் மனம் வரவில்லை.

“இது நீ கண்டுபிடிச்சதுன்னு உன் பேரையும் சேர்த்துடவாம்மா?”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஓர் உள்ளங்கை வந்து விழுந்தது.

வியர்த்திருந்த கை. எடுக்கச் சொல்லி அதிகாரியம்மா நிமிர்ந்தார். கை அசையவில்லை. கணினிக்காரர் டீ தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன இடத்திலேயே நிறுத்தினார்.

“எனக்குப் பெல் அடிக்கப் பயம் மேடம். ஒரு கதவுகூடத் தட்டல. அந்த நூறு வீடும் என் ஒரு வீடுதான்.”