கப்பலில் மூன்று நாள்

விமானி முதலில் ஆங்கிலத்தில் அறிவித்தார். அவன் நிம்மதியாக இருந்தான்.

பிறகு தமிழில் ஆரம்பித்தார்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஆயிரத்து முந்நூற்று எழுபது கிலோமீட்டர். இரண்டு மணி பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

பக்கத்து இருக்கையில் அப்பா. காலடியில் அவருடைய துணிப்பை. அதற்குள் மூன்று வேளைக்குப் புளிச்சோறு. விடியற்காலையில் அவரே கிளறி, வாழையிலையில் கட்டியது. தூரப் பயணமாயிற்றே என்று.

வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

பதினோரு வருடத்துக்கு முன், வேலை கிடைத்து அந்தமானுக்குப் போனபோது கப்பலில்தான் போனான். துறைமுகம் வரை வந்து அப்பா ஏற்றிவிட்டார். மூன்று நாள் ஆகும் என்று அங்கே யாரோ சொன்னதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவன் கப்பல் ஏறவே இல்லை. விமானம்தான். ஊரில் அதைச் சொல்லவில்லை.

கப்பலென்றால் ஒரு வசதி இருந்தது. டிக்கெட் கிடைக்கவில்லை எனலாம். கடல் சரியில்லை எனலாம். ஊருக்கு வராமலே நான்கு பொங்கல் அப்படிப் போயிற்று. பெரிய காரணமெல்லாம் இல்லை. சோம்பல்.

ஐந்தாவது வருடம், ஆவணியில் ஒரு நாள், காலை ஆறு மணிக்கு அப்பா போன் செய்தார். அம்மா போய்விட்டாள்.

“கப்பல்ல நீ வர மூணு நாளாவும். அதுவரைக்கும் வெச்சிருக்க முடியாதுப்பா. சாயந்தரம் எடுத்துர்றோம். உங்க சித்தப்பா மவன் ஏழுமலைய கொள்ளி வெக்கச் சொல்றேன். நீ மனச தேத்திக்க.”

பத்தரைக்கு ஒரு விமானம் இருந்தது. மூன்று மணிக்கெல்லாம் ஊருக்கு, மதுராந்தகத்துக்கு, வந்திருக்கலாம். இரண்டு மணி நேரம்தான் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அதைச் சொன்னால் நான்கு பொங்கலுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

“சரிப்பா” என்றான்.

மூன்று நாள் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். நாலாம் நாள் விமானத்தில் வந்து, கப்பலில் வந்தவனாக வீட்டுக்குள் நுழைந்தான். அலுத்து வந்திருக்கிறான் என்று அவனுக்கு வெந்நீர் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வெந்நீரை அவனால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இப்போது அப்பாவுக்கு முட்டி மடங்குவதில்லை. தனியே விட முடியாது. விமானத்தில் போகலாம் என்றபோது, எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கீழே கடல்.

தூரத்தில் பச்சையாக முதல் தீவு தெரிந்தபோது மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்த பிளேன இப்பதான் புதுசா உட்டிருக்கான் போல.”

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பழகிய வாய்தான்.

“இல்லப்பா. அன்னிக்கும் இருந்துச்சி.”

அப்பா குனிந்து பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரை அவிழ்க்க அவருக்கு நேரமாயிற்று. இலையைப் பிரித்து அவன் பக்கம் நகர்த்தினார்.

“புதுசுதாம்ப்பா” என்றார். “சாப்பிடு.”