திரையில் பேர் அடித்தால் பூர்வீகம்

அந்தக் காலத்தில் அடிமைகளை அடைத்துவைத்த எங்கள் ஊர்க் கோட்டையில் வைத்திருக்கும் தொடுதிரை இன்றைக்கும் அணைந்துவிட்டது.

குடும்பப் பேரை அடித்தால் போதும். அடிமை வியாபாரக் காலத்தில் உங்கள் முன்னோர் விற்றவரா, விற்கப்பட்டவரா என்று கப்பல் படத்தோடு சொல்லிவிடும். வெளிநாட்டுக்காரர் அடித்தால் சொல்கிறது. கானாவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர் அடித்தால் மட்டும் பொசுக்கென்று கறுப்பாகிவிடுகிறது.

"மூணு நாளா வரேன்! அங்க என் மீனெல்லாம் நாறுது. இந்த மிஷினுக்குக்கூட நம்மன்னா இளக்காரமா?" என்று கத்தினாள் மீன் விற்கும் எகுவா அக்கா.

கோட்டை நிர்வாகியான பெயின்ட்சில் என்பவர் குனிந்து பார்த்தார். திரையைக் கவனித்துக்கொள்ளும் அராபாவின் கால் கட்டைவிரல், மேசைக்கு அடியில் சுவிட்சின் மேல் இருந்தது.

"அடிப் பாவி! நீதானா?"

"ஆமா சார். ஒருத்தர் பூர்வீகத்த நாலு பேர் முன்னாடி போட்டு உடைக்கக் கூடாதுங்கறது நம்ம வழக்கமாச்சே. அடிமையா வந்த வீடும் அவங்கள வாங்கின வீடும் இப்ப ஒரே குழாயில தண்ணி பிடிக்குது. நான் போய் சண்டை மூட்டவா?"

"கம்ப்யூட்டருக்கு ஏதும்மா வழக்கம்? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

அராபா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

சுற்றி நின்ற சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கியதும் பெயின்ட்சிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாதாள அறையில் தினமும் 'என் முப்பாட்டன் விலங்கோடு கிடந்த இடம்' என்று கண்ணீர் விட்டே பேர் வாங்கிய மனிதர்.

"உண்மைக்கு எதுக்குப் பயப்படணும்? என் பேரையே அடிக்கிறேன், பாருங்க!"

அராபாவை எழுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார்ந்து அடித்தார்.

கடல் வந்தது. கப்பல் வந்தது. எழுத்தும் வந்தது.

'பெயின்ட்சில் குடும்பம்: ஆள் பிடித்து இந்தக் கோட்டைக்கு விற்றவர்கள். மொத்தம் நானூற்று...'

பொசுக்.

எல்லோரும் அராபாவைப் பார்த்தார்கள். அவள் கதவோரம் நின்றிருந்தாள். பெயின்ட்சிலுக்கு வியர்த்துக் கொட்டியது. மேசைக்கு அடியில் அவருடைய பூட்ஸ் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்தது.

பயணி ஒருவர் என்னவென்று குனியப் போனார்.

"கரண்ட் போயிடுச்சுங்க!" என்று சத்தம் போட்டாள் அராபா.

பெயின்ட்சில் அவள் பக்கம் திரும்பி, "நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா" என்று முனகினார்.

"ஆமா ஆமா, எங்க தெரு முழுக்கவே கரண்ட் இல்ல" என்றாள் எகுவா அக்கா, மின்விசிறிக் காற்றில் பறக்கப் பார்த்த தலைத்துணியைப் பிடித்துக்கொண்டே.